ஏழை வீட்டில் ரத்தக் கொதிப்பு

மாத்திரை மலிவு; அதை வாங்கப் போகும் நாள்தான் விலை அதிகம்!

"ரத்தக் கொதிப்பா? அது மெத்தையில் உட்கார்ந்து நெய்யும் பாலும் சாப்பிடுகிற சீமான்களுக்கு வருகிற வியாதி ஆயிற்றே! வெயிலில் நின்று மண்வெட்டி பிடிக்கிற நமக்கு அது ஏன் வருகிறது?"

கிராமத்துப் பெரியவர்கள் பலர் இன்றும் இப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நம்பி நிம்மதியாகவும் இருக்கிறார்கள்.

ஆனால் வியாதி அப்படி ஆள் பார்த்து வருவதில்லை. பங்களாவிலும் நுழைகிறது, குடிசையிலும் நுழைகிறது.

2020-ல் தமிழ்நாட்டில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 18 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களைச் சோதித்தார்கள். நூறு பேரில் சுமார் 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. மூன்று பேரில் ஒருவர்!

இதைவிடத் திடுக்கிட வைக்கும் விஷயம் இன்னொன்று. அப்படிக் கொதிப்பு உள்ளவர்கள் நூறு பேரை நிறுத்தினால், அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் சுமார் ஏழு பேர்தான். மீதி 93 பேர்? சிலருக்கு வியாதி இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரியும், மருந்து சாப்பிடவில்லை. சிலர் சாப்பிட ஆரம்பித்தார்கள், நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த நடுவில் நிறுத்தியவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்லப் போகிறோம். ஏனென்றால் ஏழைக் குடும்பங்களில் குடி முழுகிப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பெயர் செய்த தீங்கு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ரத்தக் கொதிப்பில் ரத்தம் கொதிப்பதில்லை!

அடுப்பில் வைத்த உலைபோல ரத்தம் சூடேறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆகவே இளநீர் குடித்தால், மோர் குடித்தால், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கொதிப்பு அடங்கிவிடும் என்று நம்புகிறார்கள். கோபக்காரர்களுக்குத்தான் இது வரும் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. "எங்கள் மாமியார் பச்சைத் தண்ணீர் மாதிரி. அவருக்கு எப்படிக் கொதிப்பு வரும்?" என்று கேட்கிறார்கள்.

டாக்டர்கள் இதை 'ரத்த அழுத்தம்' என்கிறார்கள். அதுதான் சரியான பெயர்.

பம்பு செட்டிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகும் ரப்பர்க் குழாயைப் பாருங்கள். தண்ணீர் அளவோடு வந்தால் குழாய் பல வருஷம் உழைக்கும். குழாயின் வாயை விரலால் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும்? உள்ளே அழுத்தம் ஏறும். குழாய் விடைக்கும். நாளாவட்டத்தில் பலவீனமான இடத்தில் வெடிக்கும். 

நம் உடம்பிலும் அப்படித்தான். இருதயம் ஒரு பம்பு. ரத்தக் குழாய்கள் அதிலிருந்து கிளம்பும் வாய்க்கால்கள். குழாய்கள் இறுகிப் போனால் அழுத்தம் ஏறுகிறது. வயதாக ஆகக் குழாய்கள் விறைக்கின்றன. உப்பு அதிகமானால் உடம்பில் நீர் தங்கி அழுத்தம் கூடுகிறது. பரம்பரையும் ஒரு காரணம். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

கருவியில் பார்க்கும்போது இரண்டு எண்கள் சொல்கிறார்கள். இருதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம் மேல் எண். அது விரிந்து ஓய்வெடுக்கும்போது இருப்பது கீழ் எண். 120-க்கு 80 என்பது நல்ல நிலை. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலோ இருந்தால் அது ரத்தக் கொதிப்பு.

கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலி நாட்டு டாக்டர் ரீவா-ரோச்சி 1896-ல் செய்தார். குழாயைக் காதில் வைத்து நாடியின் ஓசையைக் கேட்டு இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கும் வழியை ரஷ்ய டாக்டர் கொரட்காவ் 1905-ல் சொன்னார். இன்று பொத்தானை அமுக்கினால் எண் காட்டும் கருவி வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் பழகிக்கொள்ளலாம்.

வலிக்காத வியாதி

தேள் கொட்டினால் உடனே தெரிகிறது. பல் வலித்தால் தூக்கம் போய்விடுகிறது. ரத்தக் கொதிப்பு அப்படியல்ல. பெரும்பாலோருக்கு அதனால் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. களை எடுக்கலாம், கதிர் அறுக்கலாம், திருவிழாவில் காவடி எடுக்கலாம். உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

அது நான்கு இடங்களில் வேலை செய்கிறது.

மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம் அல்லது அடைத்துக்கொள்ளலாம். அதுதான் பாரிச வாயு. பக்கவாதம் என்றும் சொல்கிறோம்.

இருதயம் அதிக பாரத்தை இழுத்து இழுத்துத் தடித்துப் போகும். பிறகு தளர்ந்து போகும். மாரடைப்பும் வரலாம்.

சிறுநீரகத்தில் சல்லடைபோல இருக்கும் நுண்ணிய குழாய்கள் கெட்டுப் போகும். கால், முகம் வீங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், "சிறுநீரகம் பெரும்பகுதி போய்விட்டது" என்று சொல்வார்கள்.

கண்ணின் உட்புறத்திலும் ரத்தம் கசிந்து பார்வை மங்கலாம்.

வசதி உள்ளவர் வீட்டில் ஒருவர் படுத்தால் அது கஷ்டம். கூலி வீட்டில் ஒருவர் படுத்தால் அது சர்வநாசம்! சம்பாதித்த கை ஓய்ந்துவிடுகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கை வீட்டில் நின்றுவிடுகிறது. முதலில் தோடு அடகுக்குப் போகும். அடுத்து மாடு சந்தைக்குப் போகும். கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண் பிள்ளை வேலைக்குப் போகும்.

இத்தனையும் ஒரு சின்ன மாத்திரையை விடாமல் விழுங்கியிருந்தால் பெரும்பாலும் தடுக்கக் கூடியவை.

ஜனாதிபதிக்குக் கிடைக்காத மருந்து

இந்தச் சின்ன மாத்திரையின் அருமை தெரிய வேண்டுமானால், அது இல்லாத காலத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் ரூஸ்வெல்ட். உலகத்தின் மிகப் பெரிய சேனைகளில் ஒன்று அவர் சொல்லுக்குக் காத்திருந்தது. 1945 ஏப்ரல் 12-ந் தேதி, தலையின் பின்புறம் பயங்கரமாக வலிப்பதாகச் சொல்லிச் சாய்ந்தார். டாக்டர் பார்த்தபோது ரத்த அழுத்தம் 300-க்கு 190! மூளையில் ரத்தம் கசிந்து அன்றே இறந்தார். வயது 63.

ஒரு வருஷத்துக்கு முன்பே அவருடைய கொதிப்பு டாக்டர்களுக்குத் தெரியும். ஆனால் அதை இறக்குவதற்கு நல்ல மருந்து அன்று உலகத்தில் இல்லை. ஓய்வெடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று சொல்வதைத் தவிர அதிகமாக எதுவும் செய்ய முடியவில்லை.

அந்தக் காலத்தில்தான் நம் நாட்டு மூலிகை ஒன்று உலகத்தின் கண்ணைத் திறந்தது. சர்ப்பகந்தி என்ற செடியின் வேர் அது. நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக உபயோகித்து வந்தது. அதற்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குணம் உண்டு என்று கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் 1931-ல் எழுதினார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரத்தை 1949-ல் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். மேல்நாட்டார் விழித்துக்கொண்டார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து 'ரிசர்பின்' என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

பிறகு அமெரிக்காவில் பழைய ராணுவத்தினரிடம் ஒரு சோதனை நடந்தது. கொதிப்பு மிக அதிகமாக இருந்த 143 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ரிசர்பினும் வேறு இரண்டு மருந்துகளும். மறு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 1967-ல் முடிவு வெளிவந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குப் பெரிய ஆபத்து நேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில்? இரண்டே பேர்!

இன்று அவற்றைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவை தினம் ஒரு தடவை சாப்பிட்டால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இத்தகைய மாத்திரைகளை இலவசமாகவே கொடுக்கிறார்கள். மேல் எண் 10 குறைந்தால் பக்கவாதம் வரும் ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் ஊர்க் கூலிக்காரருக்கு இனாமாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் பக்கவாதம் ஏன் குறையவில்லை?

ஒரு நாள் கூலி

மருந்துக்கு விலை இல்லை என்பது உண்மை. ஆனால் மருந்து வாங்கப் போகும் நாளுக்கு விலை உண்டு.

ஒரு விவசாயத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். நடவு நேரம். காலையில் வேலைக்குப் போனால் கூலி உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் கூலி போச்சு. பஸ் வரும் நேரம் ஒன்று, டாக்டர் வரும் நேரம் ஒன்று. சீட்டு எழுத ஒரு வரிசை, அழுத்தம் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க ஒரு வரிசை. வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்துவிடுகிறது.

வலி இருந்தால் இத்தனையையும் பொறுத்துக்கொண்டு போவார். வலியே இல்லையே! "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளுகிறார். அடுத்த வாரம் களை எடுப்பு. அதற்கடுத்த வாரம் பங்காளி வீட்டுக் கல்யாணம். மாத்திரை டப்பா காலியாகவே கிடக்கிறது.

இன்னொரு விதமும் உண்டு. வீட்டுத் திண்ணையில் இப்படியொரு பேச்சு நடக்காத கிராமம் இருக்காது. மருந்து கொண்டுவந்த பெண் கேட்கிறாள்:

"ஆயா, போன மாசத்து மாத்திரை தீர்ந்துச்சா?"

"எங்கே கண்ணு தீரும்? பாதி அப்படியே இருக்குது."

"ஏன் ஆயா, போடலையா?"

"தலை சுத்தல் நின்னு போச்சு. நல்லா இருக்கிறவளுக்கு எதுக்கு மருந்து? மறுபடியும் சுத்துனா போட்டுக்கலாம்னு முடிஞ்சு வெச்சிருக்கேன்."

"நீ நல்லா இருக்கிறதே அந்த மாத்திரையாலேதான் ஆயா!"

ஆயாவின் பேரில் குற்றம் இல்லை. காய்ச்சல் மாத்திரை அவருக்குத் தெரியும். காய்ச்சல் விட்டால் நிறுத்துவார். தலைவலி மாத்திரை தெரியும். வலி நின்றால் நிறுத்துவார். மிச்சம் பிடிப்பது ஏழை வீட்டுப் பழக்கம். அரிசியில் மிச்சம் பிடிப்பவர் மாத்திரையிலும் மிச்சம் பிடிக்கிறார்.

ரத்தக் கொதிப்பு மாத்திரை அந்த ஜாதி மருந்து அல்ல. அது ஏரிக்கரைக்குப் போட்ட மண் மாதிரி. தண்ணீர் ததும்பவில்லை, ஆகவே கரையை வெட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்களா? கரை இருப்பதால்தானே ததும்பவில்லை!

மாத்திரையை நிறுத்திய அன்றே ஒன்றும் நேர்வதில்லை. அம்லோடிபின் போன்ற மருந்தின் வேலை ஓரிரு நாள் உடம்பில் தங்கியிருக்கும். அதனால் "நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று தைரியம் வந்துவிடுகிறது. பிறகு அழுத்தம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறுகிறது. அது ஏறுவதும் தெரிவதில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் நடந்த அதிசயம்

அப்படியானால் வழி என்ன? ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வர முடியாவிட்டால், ஆஸ்பத்திரி ஜனங்களிடம் போக வேண்டியதுதான்.

இதைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் சென்னையின் பிரபல சிறுநீரக நிபுணர் டாக்டர் எம். கே. மணி. 1991-ல் பத்மபூஷண் விருது பெற்றவர். சிறுநீரகம் கெட்ட பிறகு ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆகும் செலவையும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்த ஆகும் செலவையும் ஏழைகளால் தாங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். கெடாமலே காப்பதற்கு வழி என்ன என்று யோசித்தார்.

'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' என்ற தர்ம ஸ்தாபனத்தின் மூலம் சென்னைக்கு அருகே சில கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். அங்கே சுமார் 25,000 பேர். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கொதிப்போ நீரிழிவோ இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களை டாக்டர் பார்த்து மருந்து கொடுத்தார். மருந்து சாப்பிடுகிறார்களா என்று அதே பெண்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள்.

என்ன மருந்து தெரியுமா? ரிசர்பினும் அதன் இரு கூட்டாளிகளும்தான்! 1967-ல் அமெரிக்காவில் வெற்றி கண்ட அதே மூன்று பழைய மருந்துகள். மிகவும் மலிவு என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2003-ல் கணக்கை வெளியிட்டார்கள். அந்த ஜனத்தொகையில் தலைக்கு ஒரு வருஷத்துக்கு ஆன செலவு 27 அமெரிக்க சென்ட். அதாவது டாலரில் கால் பங்குக்குச் சற்று அதிகம். இந்தச் செலவில் பெரும்பாலோருடைய ரத்த அழுத்தம் கட்டுக்கு வந்தது.

அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. புது மருந்தும் இல்லை. யாரோ ஒருவர் வாசலுக்கு வந்து, "மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

(ஒரு எச்சரிக்கை: சர்ப்பகந்தி வேரை யாரும் தாமாக அரைத்துக் குடிக்கக் கூடாது. அளவு மீறினால் மனச்சோர்வு உள்பட வேறு தீங்குகள் வரும். இன்று டாக்டர்கள் முதலில் கொடுப்பதும் வேறு மாத்திரைகளைத்தான்.)

வாசலுக்கு வந்த மாத்திரை

அதே வழி பிறகு பெரிய அளவில் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுப்பது என்று ஏற்பாடு. பக்கவாதத்தால் முடங்கிக் கிடப்பவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவரும் வீட்டுக்கே வருவார் என்றார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பு ஒன்றின் விருது கிடைத்தது.

அயல்நாடுகளிலும் இதே அனுபவம். இலங்கை, வங்காள தேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் கிராமப் பகுதிகளில் 2,645 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2020-ல் வெளிவந்தது. சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய் அழுத்தம் பார்த்து அறிவுரை சொன்ன ஊர்களில், மற்ற ஊர்களைவிட மேல் எண் சராசரியாக 5 அதிகமாக இறங்கியது. சீனாவில் கிராம வைத்தியர்களிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்துப் பார்த்தார்கள். அங்கே 326 கிராமங்களில் நடந்த சோதனையில், மூன்று வருஷத்தில் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

உப்பும் கஞ்சியும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் பழமொழி. உண்மைதான். ஆனால் அளவு மீறிய உப்பு, மனிதனையே படுக்கையில் தள்ளிவிடும்!

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. இந்தியாவில் ஒருவர் சராசரியாகச் சுமார் 8 கிராம் சாப்பிடுவதாக 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது.

ஏழை வீட்டுச் சாப்பாட்டில் உப்பு அதிகமாவதற்குக் காரணம் இருக்கிறது. காயும் பருப்பும் வாங்கக் காசு இல்லை. நிறையச் சோறு, அதை உள்ளே தள்ள ஒரு துண்டு ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், அப்பளம். காலையில் கஞ்சியில் ஒரு கை உப்பு. வெயிலில் வேர்வை சிந்துகிறோம், உப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேர்வைக்கு முதலில் வேண்டியது தண்ணீர். சாதாரணச் சமையலில் உள்ள உப்பே பெரும்பாலும் போதும்.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. குழம்பில் போடும் உப்பைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். புளி, எலுமிச்சம் பழம், மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றால் ருசியை ஈடு கட்டலாம். சாதத்தில் தனியாக உப்புப் போட்டு வடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஊறுகாயும் கருவாடும் தினம் வேண்டாம். கொல்லையில் முளைக்கும் கீரை, மலிவான வாழைப்பழம் நல்லவை.

சிலர் "நாங்கள் இந்துப்புதான் போடுகிறோம்" என்று சந்தோஷப்படுகிறார்கள். இந்துப்பும் உப்புதான்! கொதிப்பைப் பொறுத்தவரை அதற்குத் தனிச் சலுகை கிடையாது.

சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு என்று ஒன்று உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் ஐந்து வருஷத்துக்குச் சோதித்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-ல் அறிவித்தார்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை

அரசாங்கம் வாசல் வரைக்கும் வரலாம். வாய்க்குள் போட வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

30 வயது ஆன ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். அரை மணி நேரத்துக்குள் பீடியோ காப்பியோ குடித்திருக்கக் கூடாது. காலைத் தரையில் ஊன்றி, கையை இருதய மட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த மூச்சோடு பார்த்தால் எண் தப்பாகக் காட்டும்.

மாத்திரைக்கு ஒரு வேளையை நிச்சயம் செய்துகொள்ளுங்கள். விளக்கு ஏற்றும் வேளையோ, காலைக் கஞ்சி வேளையோ, டாக்டர் சொன்ன எதுவானாலும் சரி. தினம் அதே வேளை. படிக்கிற பேரனையோ பேத்தியையோ ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள்.

மாத்திரை ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வெளியூர் போகிறவர்கள் மாத்திரையையும் சீட்டையும் துணி மூட்டையோடு கட்டிக்கொண்டு போக வேண்டும்.

மாத்திரையால் கால் வீங்கினாலோ, ஓயாத வறட்டு இருமல் வந்தாலோ நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரருடைய மாத்திரையை வாங்கிப் போடுவதும் கூடாது.

உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையில் ஜாக்கிரதை! மண் சுமக்கிறவர்களும் நாற்று நடுகிறவர்களும் இதைத் தினம் விழுங்குகிறார்கள். அத்தகைய மாத்திரைகள் பல, அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கர்ப்பிணிகள் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஏறினால் வலிப்பு வந்து தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. சில கொதிப்பு மாத்திரைகள் கர்ப்ப காலத்தில் ஆகாது. ஆகவே மருந்து சாப்பிடும் பெண், கர்ப்பம் என்று தெரிந்த உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பீடி, சுருட்டு, புகையிலை, மது ஆகியவற்றை விட வேண்டும். சுருட்டுக்குக் கொடுக்கும் காசில் குழந்தைக்கு வாழைப்பழம் வாங்கலாம்.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. மந்திரிக்கப் போகாதீர்கள். வாயில் கஷாயம் ஊற்றாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். ரத்தக் குழாய் அடைப்பால் வந்த பக்கவாதமானால், முதல் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஊரும் செய்யலாம்

படித்த வாலிபர்களே! உங்கள் தெருவில் கொதிப்பு உள்ளவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அடுத்த வீட்டுப் பாட்டியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகலாம். மகளிர் குழுக் கூட்டத்தில் கடன் கணக்குப் பார்க்கும்போதே, "மாத்திரை தீர்ந்தவர்கள் யார்?" என்றும் கேட்கலாம். நிலம் வைத்திருப்பவர், தம்மிடம் வேலை செய்கிறவர் மருந்து வாங்கப் போகும் அரை நாளுக்குக் கூலி பிடிக்காமல் இருந்தால், அது அன்னதானத்துக்கு ஈடான தர்மம்.

ஏழைக்குச் சொத்து அவருடைய இரண்டு கைகள்தான். அந்தக் கைகளில் ஒன்று விழுந்துவிட்டால் எந்த நிவாரணமும் அதைத் திரும்பக் கொடுக்காது.

மாத்திரை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அது ஒரு நாளும் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி. வீட்டில் எல்லோரும் இருக்கிறீர்கள். அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து, எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்!